பழைய ரிவோல்வர் யாருக்கு?

ஸ்காபரோ பஸ்ஸில் முருங்கைக்காய்ப் பையோடு இருந்த அன்ரி, பக்கத்திலிருந்த கணவரிடம் சொன்னார்:

"பழைய ரிவோல்வரின்ர விசை இழுக்க என்ன மெதுவப்பா!"

நான் உடனே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

"அலுமாரியில இடமில்லை, பழசைப் பொலிசிட்டக் குடுங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்?" என்றார் அங்கிள்.

"அது நேற்று சுட்டுப் பழகிற ரேஞ்சில அதைச் சுட்டுப் பாக்க முந்தி."

"அப்ப புதுசைக் குடுக்கவோ?"

"ஏன்? ரெண்டும் கிடக்கட்டும். சாறியளை மகளின்ர அறைக்கு மாத்துறன்."

அங்கிளின் முகம் மலர்ந்தது. "இண்டைக்கே பழசைத் துடைச்சு எண்ணெய் போடுறன்."

"நீங்கள் போட்டா கட்டில் விரிப்பெல்லாம் எண்ணெய். பக்கத்தில நிண்டு சொல்லித் தாங்கோ, நான் துடைக்கிறன். இனி ரேஞ்சிலயும் பழசு எனக்கு."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் புதுசு கிடக்கே!"

அங்கிள் சிரித்துக்கொண்டே முருங்கைக்காய்ப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.