கோல் போடாதவன் படம்

தாயில்பட்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் கணக்கப்பிள்ளையும் போர்மேனும் இருந்தார்கள். கணக்கப்பிள்ளை கையில் அச்சாகி வந்த வெடி லேபிள்.

“ஏலே, ஒரு கோல்கூடப் போடாதவன் படத்தை எதுக்குலே அடிக்கச் சொன்னே?”

“கிரீஸ் நாட்டு புட்பால்காரன் அண்ணாச்சி. எத்தனையோ கிளப்புல ஆடியும் பேரு வெளிய வரலை. இந்த வருசம் ஐரோப்பாக் கப்பு அவுகளுக்குக் கெடச்சதே இவன் தடுத்து நின்னதாலதான்.”

“தடுத்தவனை எவன்லே பாப்பான்? கோல் போட்டவன் மூஞ்சியைப் போடு.”

போர்மேன் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“போடுங்க! உச்சி வெயில்ல மருந்து கலக்கக் கூடாதுன்னு நான் மறிச்சப்பவும், லோடு லேட்டாச்சுன்னு ஏசத்தான செஞ்சீக? போன சீசன்ல நம்ம கம்பெனியில ஒரு உசுரு போகலையே, அது என்ன தானாவா நடந்துச்சு?”