சட்டைக் கை

— மெதுவா பேசுண்ணா. அப்பா முன்னறையிலதான் இருக்காரு.

— எதுக்கு மெதுவா? அவருக்குத்தான் ரெண்டு காதும் கேக்காதாமே. பீரங்கிப் பக்கத்துலயே நின்னு செவிப்பறை கிழிஞ்சுபோச்சாமே. பெரிய தியாகி.

— அப்படிப் பேசாத.

— பின்ன எப்படிப் பேசறது, வாலு? காது போனதுக்கு பென்ஷன் கேட்டு மருத்துவக் குழு முன்னாடி போய் நிக்கிறாரு. டாக்டர் இவரு முதுகுக்குப் பின்னாடி நின்னு முணுமுணுன்னு 'நீங்க போகலாம்'னு சொன்னா, மகராசன் டக்குன்னு திரும்பிப் பாக்கறாரு. நடிக்கறதையாவது ஒழுங்கா நடிக்கத் தெரிய வேணாம்?

— அந்த டாக்டர் சிரிச்சாரே, அது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

— சிரிக்காம? நானா இருந்தா கையே தட்டியிருப்பேன். 'படையில இருந்த வரைக்கும் காதுல குறைன்னு ஒருதரம்கூட சொல்லல, வெளிய வந்தப்புறம் வந்த கோளாறுக்கு நாங்க பொறுப்பில்ல'ன்னு போன தடவையே மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. இது கடைசி வாய்ப்பு. அதையும் கெடுத்துட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி டிவிய அலற விட்டுட்டு உக்காந்திருக்காரு பாரு.

— அண்ணா, அவரு டாக்டர் சொன்னதக் கேட்டுத் திரும்பல.

— அப்புறம், காத்தடிச்சுத் திரும்பினாரா?

— நான் சட்டைக் கைய இழுத்தேன்.

— என்னது?

— துணைக்குன்னு பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். யாராவது அவரைக் கூப்பிட்டா இழுப்பேன்ல, பழக்கத்துல கை தானா போயிடுச்சு. டாக்டர் அதப் பாக்கல.

— அறிவிருக்கா உனக்கு? அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?

— வாயெடுத்தேன். அப்பா என் கையப் பிடிச்சு அழுத்திட்டாரு. எப்பலேருந்து இழுக்கறன்னு கேட்டுடுவாங்களோன்னு பயம் அவருக்கு.

— கேட்டா சொல்றது. இதென்ன கம்பசூத்திரமா?

— எனக்கு அஞ்சு வயசுலேருந்துண்ணா.

— உளறாத. அப்ப அவரு படையிலதானே இருந்தாரு?

— லீவுல வர்றப்பல்லாம் நான்தான் இழுப்பேன். நீ ஹாஸ்டல்ல இருந்த, உனக்குத் தெரியாது. அங்க முகாம்ல அவரோட கூட்டாளி முழங்கையால இடிப்பாராம்.

— வருஷா வருஷம் காது டெஸ்ட்டு வைப்பாங்களே. அதுல?

— அதுலயும் அந்தக் கூட்டாளிதான். ஜன்னலுக்கு வெளிய நின்னு விரலைக் காட்டுவாராம், அப்பா அதப் பாத்துக் கையத் தூக்குவாராம். இப்ப உண்மையச் சொன்னா அவரும் மாட்டுவாரு. எனக்கு பயமா இருக்குண்ணா. வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், அண்ணன் படிப்பு நின்னுடும், யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு அப்பா அப்பவே என்கிட்ட சத்தியம் வாங்கினாரு.

— என்கிட்டகூடவா?

— உன்கிட்டதான் முக்கியமா. நீ சொன்னது சரிதாண்ணா, அப்பா நடிச்சாருதான். அத்தனை வருஷமும், காது கேக்குதுன்னு நடிச்சாரு.