கரண்டைக் கொஞ்சம் குறைக்கணுமாம்

ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கரண்டக் கொஞ்சம் கொறைக்கணுமாம் அக்கா," என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

"ஆளுக்கா?"

"ஆமாக்கா. கைநடுக்கத்துக்கு மெட்ராஸ்ல மூளைக்குள்ள கம்பி வச்சாங்கள்ல, நெஞ்சுல பெட்டரியோட. இப்ப தேத்தண்ணி சிந்தாம குடிக்கிறாரு. ஆனா சிரிப்புத்தான் நிக்க மாட்டேங்குது. போன வாரம் எழவு வீட்டுல பொணத்தப் பாத்துச் சிரிச்சிட்டாரு."

"கணக்கப்பிள்ள ஐயாவா? கொழுந்து பறிக்கிற மலையில எங்கள வேல வாங்குறப்ப அவரு பல்ல ஒருத்தரும் பாத்ததில்லையே."

"நானே முப்பது வருஷமாப் பாத்ததில்ல. இப்ப காலையில எந்திரிச்சதும் என்னயப் பாத்துச் சிரிக்கிறாரு. சாப்பிட்டியான்னு கேக்குறாரு."

மற்றவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்னா சொல்றாரு?"

"மகன் போன் போட்டுக் கேட்டான். கரண்டு கூடிப்போனா சில பேரு இப்படிச் சிரிப்பாங்களாம். கூட்டிட்டு வந்தா கொறைச்சு விடுறேன்னாரு. பொறகு என்னயப் போனுக்குக் கூப்பிட்டு, ஒபரேசனுக்கு முந்தி ஆளு எப்படின்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கட்டுன நாள்லேருந்து இப்படித்தான் சார், எப்பவும் சிரிச்ச மொகம்னு சொல்லிட்டேன்."