பொருந்துவான்

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று நான் சொன்னதை நீங்கள் தப்பாக எடுக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய பிள்ளை நல்ல பிள்ளை, தேத்தண்ணியும் வாங்கித் தந்தது. ஆனால் உங்களுக்கும் எனக்கும் நடுவில் இன்னொரு ஆள் இருப்பது எனக்குச் சரிவராது. அதனால் தமிழில் எழுதித் தருகிறேன்; யார் மொழிபெயர்த்தாலும் என் சொல் தாளில் அப்படியே இருக்கும். எழுத்து பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் படித்தது நாற்பத்தொன்பதாவது வயதில்.

சுஜீத்தின் தலையில் அடிபட்டது யாருக்கு முதலில் தெரியும் என்று விசாரணையில் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

என் பெயர் சிவானந்தன். அணியின் பயிற்சித் திடலில் பதினொரு வருடமாகக் கூலி வேலை செய்கிறேன். கோடு போடுவது, கூம்பு வைப்பது, விளையாடுகிறவர்கள் தள்ளிப் பழகும் ஸ்லெட் என்கிற இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போவது, எல்லாம் என் வேலை. விளையாட்டு அமெரிக்கன் ஃபுட்பால். எட்மண்டனில் எங்கள் தெருத் தமிழ் ஆட்கள், "ஃபுட்பால் எண்டுறியள், பிறகேன் அண்ணை பந்தைக் கையில வச்சுக்கொண்டு ஓடுறாங்கள்?" என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கும் விளங்க நாலு வருடம் எடுத்தது.

அதில் பந்தை எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பெரிய ஆட்கள் நிற்பார்கள். லைன்மன் என்பார்கள். பாய்ந்து வருகிறவனைத் தள்ளி நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. பந்தைத் தொட மாட்டார்கள். பிழை விட்டால் மட்டும் அவர்கள் பெயர் ஒலிபெருக்கியில் கேட்கும். என் வேலையும் அப்படித்தான். அதனால் எனக்கு அந்த ஐந்து பேரையும் பிடிக்கும்.

நான் எட்டு வயதில் வேலைக்குப் போனவன். இங்கே வந்தும் பதினைந்து வருடம் கையெழுத்துக்குப் பதில் ஒரு சுழி போட்டேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கதிரை அடுக்கப் போன என்னைக் கலாவதி ரீச்சர் ஒரு கதிரையில் இருத்திவிட்டார். சுற்றிவர ஆறு வயதுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை என் கொப்பியை எட்டிப் பார்த்து, "அங்கிள், உங்கட 'ழ' விழுந்துபோய்க் கிடக்கு" என்றது. ரீச்சர் பென்சில் தர மாட்டார். "பேனையால எழுதுங்கோ அண்ணை. எழுத முதல் யோசியுங்கோ. வெட்டினியள் எண்டால் யோசிக்கேல்லை எண்டு அர்த்தம்" என்பார். அதை நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். ஆங்கில எழுத்து அதற்குப் பிறகு, கவுன்சில் வகுப்பில்.

சுஜீத் ஏப்ரலில் வந்தான். அணிகள் முறை வைத்துப் புது ஆட்களை எடுக்கும் நாளில் அவனை எங்கள் அணி எடுத்திருந்தது. எட்மண்டன் பெடியன், இருபத்திரண்டு வயது. தகப்பன் இல்லை. தாய் செல்வமலர் பாண் பேக்கரியில் பொதி கட்டுகிறார். முதல் நாளே கூம்பு வண்டியைத் தள்ள எனக்கு உதவிக்கு வந்தான்.

"மாமா, நீங்கள் தமிழே? தாங்க் காட். இங்க எல்லாரும் என்னை சூஜி எண்டுறாங்கள், ஜப்பான் சாப்பாடு சூஷி மாதிரி."

"எவ்வளவு நிறை நீ?"

"நூற்றி நாற்பத்திரண்டு கிலோ. அம்மா கேட்டால் நூற்றி இருபது எண்டு சொல்லுங்கோ. கோயில்ல சனம் கண்ணூறு போடுமாம்."

லைன்மன்களுக்குப் பயிற்சியாளர் மெலனி. நாலு கிழமைக்குள் அவன் இந்த அணிக்குப் பொருந்துவானா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். கடிகாரம், தராசு, வீடியோ எல்லாம் அவரிடம் இருந்தன. அவை போதாது என்பது அவர் கொள்கை. ஆள் எப்படி என்று சமைக்கிறவரிடம், உடுப்புத் துவைக்கிறவரிடம், கோடு போடுகிறவரிடம் கேட்க வேண்டும் என்பார். ஆளுக்கொரு மஞ்சள் தாள் தருவார். வழக்கமாக எல்லோரும் 'நல்ல பெடியன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நானும் முந்தி அப்படித்தான்.

இந்த முறை எனக்கு ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. ஆங்கிலத்தில் எழுதினேன். அதன் தமிழ் இது: 'தள்ளி முடிந்ததும் இரும்பு ஸ்லெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறான். மற்றவர்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள். கை எதிராளியின் நெஞ்சுக்குப் போகிறது, தோளுக்கு வெளியே போவதில்லை. தான் விழுத்தியவனைத் தானே தூக்கி விடுகிறான். முதல் அடியில் இடது கால் பிந்துகிறது. அதைத் திருத்தலாம்.' கடைசிப் பெட்டியில் ஒரு சொல் மட்டும் எழுத வேண்டும். நான் 'பொருந்துவான்' என்று எழுதினேன். தாளில் ஒரு வெட்டுக்கூட இல்லை.

மெலனி அதைப் பயிற்சியாளர்களின் கூட்டத்தில் வாசித்தார். நான் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கதவடியில் நின்றேன். "கடிகாரம் வைத்திருக்கிற நீங்கள் ஒருவரும் அந்த இடது காலைக் காணவில்லை" என்று அவர் மற்றவர்களுக்குச் சொன்னார். சிரித்தார்கள், பிறகு கை தட்டினார்கள். அதற்குப் பிறகு தினமும் என்னைக் கண்டால், "சிவா, இன்றைக்கு என்ன கண்டாய்?" என்று கேட்டு ஒரு மஞ்சள் தாள் தருவார். நான் கடைக்குப் போய் நல்ல பேனை ஒன்று வாங்கினேன்.

மூன்றாம் கிழமை, செவ்வாய்க்கிழமை. காலையில் மழை. பயிற்சி முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். நான் சுஜீத்தை மறித்து வைத்தேன். இடது கால் இன்னும் பிந்திக்கொண்டிருந்தது. திருத்தலாம் என்று எழுதியவன் நான். பாரத்துக்கு நானே ஸ்லெட்டின் மேல் ஏறி நின்றேன். அது என் வேலையல்ல.

பத்துத் தரம் தள்ளினான். ஹெல்மெற்றைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"காணும் மாமா, விடுவம், வழுக்குது."

"இன்னொருக்கா. இடது காலை முதல் வை."

வைத்தான். கால் வழுக்கியது. நெற்றி ஸ்லெட்டின் இரும்புத் தூணில் பட்டது. பெரிய சத்தம் இல்லை, பக்கத்து வீட்டில் கதவு சாத்துகிற மாதிரி. பத்து எண்ணும் வரை அவன் அசையவில்லை. நான் எண்ணினேன். எண்ணுவதை விட்டு வேறு ஏதாவது செய்திருக்கலாம்.

எழும்பி இருந்து, "மாமா, இண்டைக்கு மட்ச் இருக்கே?" என்றான். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே கேட்டான். பிறகு, "தலைக்குள்ள இரையுது. மெலனிட்டச் சொல்லுவமே?" என்றான்.

இதை நீங்கள் கோடு போட்டு வையுங்கள். மறைக்கச் சொன்னவன் அவனில்லை.

விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தலையில் அடிபட்டதைக் கண்டவர் யாராயிருந்தாலும் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உடுப்பு மாற்றும் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலம் படித்த காலத்தில் நான் எழுத்துக்கூட்டி முதலில் வாசித்து முடித்த தாள் அதுதான். எழுதிக் கொடுத்தால் அவனைக் குறைந்தது பன்னிரண்டு நாள் திடலுக்கு விட மாட்டார்கள். அணிப் பட்டியல் பதினொரு நாளில் வெளிவர இருந்தது. இந்த வருடம் பொருந்தவில்லை என்று எழுதி, அடுத்த வருடம் திரும்ப எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த வருடம் அவனுக்கு இருபத்துமூன்று வயது. நட்டம் அவ்வளவுதான்.

"முதல் தண்ணியைக் குடி. ஒண்டுமில்லை. படுத்தெழும்பினால் சரியாப் போகும்" என்றேன். மாமா சொன்னால் சரி என்று குடித்தான்.

அன்றைய மஞ்சள் தாளில், 'இடது கால் திருந்திவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மெலனிக்குச் சந்தேகம் வந்தது. சொல்லிக் கொடுத்ததை அவன் மறக்கிறான், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிறான் என்றார். அவனைக் கேட்டால் நித்திரை இல்லை என்கிறானாம். சரியாகும், மெலனியிடம் சொல்ல வேண்டாம் என்று மூன்றாம் நாளும் நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாயிடம் கேட்டுப் பார்ப்போம் என்று மெலனி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். செல்வமலருக்கு ஆங்கிலம் ஓடாது. ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கச் சொன்னார். அதை நான் சரியாகத்தான் கேட்டேன்.

"அண்ணை, நல்லகாலம் எடுத்தியள்" என்றார் செல்வமலர். "செவ்வாய்க்கிழமை தொடங்கி ஒரே தலையிடி எண்டுறான். சாப்பிட்டதையெல்லாம் மூண்டு தரம் சத்தி எடுத்திட்டான். அறையில லைற்றைப் போட விடுறானில்லை. நேற்றுக் குளிக்கப் போனவன், எதுக்கு வந்தனான் எண்டு என்னையே கேக்கிறான். அந்தப் பொம்பிளைக்கு வடிவா விளங்கப்படுத்திச் சொல்லுங்கோ அண்ணை."

மெலனி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனையைத் திறந்து வைத்திருந்தார்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நன்றாகச் சாப்பிடுகிறானாம். இரவில் ஃபோன் பார்க்கிறானாம், அதுதான் நித்திரை குறைவாம். வேறொன்றும் இல்லையாம்."

மெலனி அதை எழுதினார். தாய்க்கு நன்றி சொல்லச் சொன்னார். நான் தமிழில், "எல்லாத்தையும் எழுதிப்போட்டா. டொக்டரிட்டக் காட்டி அவையளே பாத்துக்கொள்ளுவினமாம்" என்றேன்.

"நீங்கள் பக்கத்தில நிக்கிறியள்தானே அண்ணை. எனக்கு அது காணும்" என்றார் அவர்.

எங்கள் ஆட்களிடம் இது இருக்கிறது. பள்ளிக்கூடம், கவுன்சில், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த ஒரு தமிழ் ஆளைப் பக்கத்தில் இருத்திவிட்டு, அந்த ஆள் சொல்வதை அப்படியே நம்புவார்கள். நானும் பதினைந்து வருடம் அப்படி மற்றவர்கள் வாயை நம்பி இருந்தவன். அவர்களில் ஒருவரும் எனக்குப் பொய் சொல்லவில்லை.

சனிக்கிழமை அணிக்குள்ளேயே ஒரு பயிற்சி மட்ச். ஒன்பதாவது தரம் மோதியபோது சுஜீத் முழங்காலில் விழுந்து, பிறகு பக்கமாகச் சரிந்தான். வீடியோவை உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். மோதல் பெரிதில்லை. முதல் அடியில் இடது கால் சரியாகத்தான் போனது.

முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டதால் மூளை வீங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னார். இப்போது ஐந்து மாதம். கண் திறந்திருக்கிறது. சாப்பாடு குழாயில். நிறை தொண்ணூறு கிலோ. நான் ஞாயிறு தோறும் போகிறேன். செல்வமலர் ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து முதலில் எனக்கு ஊற்றுவார். ஒருநாள், "அந்தப் பொம்பிளை, நான் ஃபோனில ஒண்டும் சொல்லேல்லை எண்டெல்லே சொல்லுறாவாம். நான் சொன்னதை நீங்கள் அவவிட்டச் சொன்னியள்தானே அண்ணை?" என்றார்.

"ஓம்" என்றேன்.

மெலனியை நீங்கள் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். நீங்கள் என்னை முதல் முறை விசாரித்தபோது, லைன் கிளியர் இல்லை, தாய் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றேன். ஸ்பீக்கரில் செல்வமலரின் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. மெலனி கவலையீனமானவர் இல்லை. அவர் கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டார். நடுவில் நான் இருந்தேன்.

ஏன் செய்தேன் என்பதுதான் மிச்சம். பிள்ளையின் கனவுக்காக என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவன் மெலனியிடம் சொல்லத்தான் கேட்டான். தாய்க்கு உதவியாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒரு உதவியும் கேட்கவில்லை, தான் சொன்னதைச் சொல்லச் சொன்னார். ஒரு தமிழ்ப் பெடியன் மேலே வரட்டும் என்று கூடச் சொல்லிப் பார்த்தேன். அதைச் சொன்ன நாள் கண்ணாடியில் முகம் வழிக்க ஏலவில்லை.

உண்மை சின்னது. என் வாழ்க்கையில் நான் எழுதி மற்றவர்கள் கை தட்டிய தாள் ஒன்றுதான். அடிபட்டதை எழுதிக் கொடுத்தால் அந்தக் கடைசிப் பெட்டியில் இருந்த சொல்லை வெட்ட வேண்டி வந்திருக்கும். நான் அதை வெட்ட விரும்பவில்லை. அதற்காக ஒரு பிள்ளையின் தலையைக் கொடுத்தேன். தாய் சொன்னதைத் தாயின் வாயிலிருந்தே களவெடுத்தேன்.  இந்தத் தாளிலும் ஒரு வெட்டு விழவில்லை, பாருங்கள்.

இதில் ஒரு பிரதியைச் செல்வமலருக்குக் கொடுங்கள். அவர் தமிழ் வாசிப்பார். நடுவில் ஆள் வைக்க வேண்டாம். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போக மாட்டேன்.

என்ன தண்டனை என்றாலும் சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். மெலனியின் கோப்பில் அந்த முதல் மஞ்சள் தாள் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு அதை என்னிடம் தர முடியுமென்றால் தாருங்கள். அதில் நான் எழுதியது ஒன்றும் பிழையில்லை.