அக்கரைக்கு ஒரு சண்டை

— அந்தப் பேனாவை மூடி வைங்க தம்பி. என் ஊர்ல இருநூறு ஏக்கர் பள்ளத்துல ஆத்தைக் கொண்டுவந்து நிறுத்துவீங்க, நான் கையெழுத்தும் போட்டுக் கொடுத்து வாசல் வரைக்கும் வழியனுப்ப வரணுமா?

— ஆத்தை நிறுத்தலைங்க தலைவரே. வெள்ளம் வந்தா மட்டும் உங்க பள்ளத்துல ஏரி மாதிரி பரவவிட்டு, ஆத்துக்குக் குறுக்க கட்டற மதகு வழியா கொஞ்சம் கொஞ்சமா இறக்கிவிடறோம். உங்க ஊரும் தப்பிக்கும், எதிர்க்கரையில அம்மா ஊரும் தப்பிக்கும்.

— அவர் கொடுக்கறது பள்ளம். என்கிட்ட பிடுங்கறது மேட்டை. நானும் ஒரு ஊருக்குத் தலைவிதான், கேளுங்க இன்ஜினியர் தம்பி. எங்க ஊர்ல தண்ணி ஏறாத இடம் அது ஒண்ணுதான். சேலையை விட்டுட்டு முந்தானையை மட்டும் வெட்டிக் கொடுன்னா எந்த ஜவுளிக் கடைக்காரி கொடுப்பா?

— அந்த மேட்டுலதாங்கம்மா புதுக் குடியிருப்பே வருது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அகலமான தெரு, மூடின சாக்கடை. ரெண்டு ஊர் ஆத்தோரத் தெரு ஜனமும் மழைக்கு முன்னாடி மேடேறணும்.

— சொல்லப்போனா, என் ஜனம் ஆத்தைத் தாண்டி அந்தம்மா ஊர்ல குடியேறணும். ஓட்டு அவங்களுக்கு, தண்ணி எனக்கு. நல்ல பங்கு.

— உங்க ஓட்டை நீங்களே மடிச்சு வச்சுக்குங்க. என் கரையைவிட ஒரு முழம் உசத்திக் கரை கட்டினது யாரு?

— நீங்க உடனே ரெண்டு முழம் உசத்தலையா? கம்பிகூட என் இரும்புக் கடையிலதானே வாங்கினீங்க.

— வாங்கினேன். எடை குறைஞ்சுது.

— அம்மா, தலைவரே, கொஞ்சம் இருங்க. ரெண்டு பேரும் போட்டி போட்டு உசத்தினதுல ஆறு நடுவுல ஒல்லியாகி, கடைசியில ரெண்டு பக்கமும் முங்கிச்சு. போன வெள்ளத்துல ஆத்தோரத் தெரு மொத்தமும் எங்க இருந்துச்சுன்னு மறந்துட்டீங்களா?

— மறக்கறதா? என் கடை மாடியில இருந்துச்சு. பிள்ளைங்களைத் துணி மூட்டை மேல படுக்க வச்சோம்.

— அப்ப போடுங்கம்மா. சாயந்திரத்துக்குள்ள ரெண்டு கையெழுத்தும் ஆத்து வாரியத்துக்குப் போய்ச் சேரலைன்னா இந்தப் பணம் வேற ஆத்துக்குப் போயிடும்.

— தாராளமா போகட்டும். படகுல வேலைக்கு வந்து படகுல வீட்டுக்குத் திரும்பற பொழப்பை என் ஜனத்துக்கு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். ரோட்டுல சுத்தி வந்தா அரை நாள் ஓடிடும். பாலம் கட்டித் தருவீங்களா, சொல்லுங்க.

— பாலம்னா பெரிய பேச்சாச்சுங்களே தலைவரே.

— கேளுங்க தம்பி. எனக்கும் இவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனா இந்த ஒரு விஷயத்துல நானும் அதைத்தான் சொல்றேன். பாலம் இல்லைன்னா என் மேடும் இல்லை.

— அப்ப பாலம் வந்தா ரெண்டு பேரும் போட்டுடுவீங்க?

— வரட்டும், பார்க்கலாம்.

— இருங்க, வெளியில போய் ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்.

— கதவைச் சாத்திட்டுப் போங்க தம்பி. காத்து அடிக்குது.

— போயிட்டாரா சம்பந்தி?

— படிக்கட்டுகிட்ட நிக்கறாரு. மெதுவா பேசுங்க சம்பந்தியம்மா. அது சரி, எடை குறைஞ்சுதுன்னு ஒரு போடு போட்டீங்களே. அது நாம பேசி வச்சதுல இல்லையே.

— அது பேசி வச்சது இல்லை. நிஜமாவே குறைஞ்சுது.

— சரி, அதை வீட்டுல பேசிக்கலாம்.

— ரொம்ப இழுத்துட்டோமோ சம்பந்தி? மனுஷன் கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா பாலமும் போச்சு, மேடும் போச்சு, ஏரியும் போச்சு. இந்த மழைக்கும் அந்தப் பிள்ளைங்களை மூட்டை மேல படுக்க வைக்க எனக்குத் தெம்பு இல்லை.

— விலை பேசும்போது அவசரம் காட்டக் கூடாது. பேரன் பிறந்த அன்னிக்கு வெள்ளத்துல படகு ஓடாம நீங்க அக்கரையில குடையோட நின்னீங்க. நான் இந்தக் கரையில குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். உள்ள உங்க பொண்ணு, அம்மா வரலையா, அம்மா வரலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஒரு மாமனாரா நான் என்ன பதில் சொல்றது?

— நீங்க தூக்கிக் காட்டினீங்க, சரி. எனக்குத் தெரிஞ்சது வெறும் துண்டுதான்.

— அதுக்குத்தான் சொல்றேன், இன்னும் கொஞ்சம் பிடிச்சு நில்லுங்க.

— அவர் என்ன பண்றாரு, பாருங்க.

— போனைக் காதுல வச்சுக்கிட்டு தலையைத் தலையை ஆட்டறாரு. மேலதிகாரி வாங்கு வாங்குன்னு வாங்கறாரு போல.

— பாவம், பிள்ளை முகம் வாடிப் போச்சு.

— பாவமெல்லாம் அப்புறம் படலாம். முகத்தை உர்ருன்னு வைங்க, வராரு.

— தலைவரே, அம்மா. பாலம் உண்டு. மதகை ஒட்டியே, லாரி போற அகலத்துக்கு. ஆனா எனக்கும் ஒண்ணு வேணும். ரெண்டு கரையையும் ஒரே உசரத்துக்கு இறக்கணும். இனிமே ஒரு ஊர் கரையில கை வச்சா, அடுத்த ஊரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்.

— இதையும் அதோட சேர்த்துக் கட்டறீங்களா? கெட்டிக்காரர்தான்.

— பொழுது சாயுதுங்க.

— சரி, அந்தம்மா முதல்ல போடட்டும்.

— ஏன், நீங்க போட்டா மை தீர்ந்துடுமா? இப்படிக் கொடுங்க. இந்தாங்க, போட்டாச்சு.

— நானும் போட்டாச்சு. என் ஊர் என்னைக் கல்லால அடிச்சா நீங்கதான் பொறுப்பு.

— கேளுங்க தம்பி, உங்களை ரொம்பப் படுத்திட்டோம், மனசுல வச்சுக்காதீங்க. பாலத்துக்கு வரைபடம் போடவே இன்னும் வருஷக்கணக்கா ஆகுமோ?

— போட்டாச்சுங்கம்மா. மதகுக் கதவை ஏத்தி இறக்கணும்னா அதுக்கு மேல பாலம் இருந்துதானே ஆகணும். முதல்லேர்ந்தே திட்டத்துல இருக்கு.

— முதல்லேர்ந்தேவா? அப்ப இவ்வளவு நேரம் போன்ல எந்த அதிகாரிகிட்ட மன்றாடினீங்க?

— அதிகாரி இல்லைங்க தலைவரே, எங்கப்பா. பாத்திரக் கடை வச்சிருக்காரு. சம்பந்திங்கன்னு ஊரே சொல்ற ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு கத்தறாங்க, ஆனா கேக்கறது என்னவோ ஒண்ணைத்தான்னு சொன்னேன். கேக்கறதைக் கொடுத்துடுடா, உடனே மட்டும் கொடுத்துடாதேன்னாரு.