லோஷினியின் விண்ணப்பக் கட்டுரை

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும், இன்ஸ்பெக்டர். எழுதுவதற்குத்தான் விஷயம் கிடைப்பதில்லை. ஸ்கூடாயில் கீழே கோப்பிக் கடை, மேலே என் டியூஷன் சென்டர். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது என் வேலை. அந்த வட்டாரத்தில் மாஸ்டர் என்றால் ஹேமநாதன்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நீங்கள் பெயர் கேட்டீர்கள்.

லோஷினி போல ஒரு மாணவி எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. அவள் விண்ணப்பித்தது லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றுக்கு. அங்கே ஒரே பாடத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வானவியலும் படிக்கலாம், கவிதையும் படிக்கலாம். அவளுக்கு இரண்டும் வேண்டும். முழு உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். அவள் அப்பா தங்கராஜு பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்த்தவர். மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டு, வகுப்பு முடியும்வரை கீழே உட்கார்ந்திருப்பார்.

"வானத்தயும் கவிதையையும் படிச்சா என்னா வேல கெடைக்கும் மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டார். விளக்கினேன். பாதிதான் புரிந்திருக்கும். "சரி லா, அவளுக்குப் புடிச்சிருக்குல்ல, போதும்" என்று சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

அந்தக் கல்லூரிகள் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. நீ யார் என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். லோஷினி அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். வேலை விட்டு வரும்போது ரொட்டி சானாய் வாங்கி வருவாராம். அன்று படித்ததை எல்லாம் தனக்குச் சொல்லச் சொல்வாராம். கேட்டுக்கொண்டே உட்கார்ந்தபடி தூங்கிப்போவாராம். அழகாகத்தான் எழுதியிருந்தாள். படித்துவிட்டு எனக்கு வருத்தமாக இருந்தது. அது சந்தோஷமான பிள்ளையின் கட்டுரை, தேறாது.

வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முந்திய வருஷம் என்னிடம் படித்த ரூபேந்திரன் சுமாரான பையன். அவன் அம்மா புற்றுநோயில் போய்விட்டார். அதை எழுதினான், முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அவனைவிடக் கெட்டிக்காரிகள் இரண்டு பேர், பெற்றோர் சுகமாக இருந்தவர்கள், இங்கேயே நின்றுவிட்டார்கள். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். சில சென்டர்களில் உயிரோடு இருக்கும் பாட்டியைச் சாகடித்து எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் ஆகாது.

லோஷினியும் கேட்டாள்: "எங்க வீட்டுல கஷ்டம்னு ஒன்னுமே இல்லையே மாஸ்டர். அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு கொஞ்சம் சேத்து எழுதட்டா?"

"பொய் எழுதக் கூடாதும்மா" என்றேன். என் கையிலிருந்து ஒரு பொய்கூட எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை. அதில் நான் கறார். அப்படியென்றால் மிச்சம் என்ன வழி இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு மாலை. மழை விட்டிருந்தது. தங்கராஜு கோப்பிக் கடையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் கட்டடத்துக்குப் பின்னால் நின்றது. பிரேக்கில் செய்ய வேண்டியதைச் செய்தேன். கையைக் கழுவிக்கொண்டு அவரிடம் போய், பாடம் இன்னும் முடியவில்லை, லோஷினியை நானே காரில் விட்டுவிடுகிறேன் என்றேன்.

"ரொம்ப நன்றி மாஸ்டர். அப்ப நான் நேரா வேலைக்கே போயிர்றேன்" என்றார்.

பாசிர் கூடாங் சாலையில் அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் அதிகம். அவளை அந்த வண்டியில் ஏற விடுவேனா? பிள்ளைகள் விஷயத்தில் எனக்குப் பொறுப்பு உண்டு.

ஒரு தப்பு நடந்துவிட்டது. கல்லூரிகளின் கெடு தேதிகள் எனக்கு மனப்பாடம். கருமாதி முடியாமல் அந்த வீட்டில் எதையும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள் என்பது மறந்துபோனது. தமிழனாகப் பிறந்து இதை மறக்கலாமா? லேப்டாப்போடு போய் நின்றேன். அவள் அம்மா ஷாமளா, "அவங்க அப்பாவுக்குக் காரியம் முடியட்டும் மாஸ்டர். அதுக்கு முன்னாடி வேணாம்" என்று சொல்லிவிட்டார். கெடு தாண்டியது. நான்தான் கல்லூரிக்கு எழுதி அவகாசம் வாங்கினேன். துக்க வீடு என்றதும் உடனே கொடுத்தார்கள். கருமாதிக்கு வந்தவர்களுக்குப் பந்தி விசாரித்ததும் நான்தான்.

பிறகு அவள் எழுதினாள். இப்போது ரொட்டி சானாய் வாங்க அவளே போகிறாளாம். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு பொட்டலம் கட்டிவிடுகிறாராம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிவந்து, அப்பாவுடையதைப் பிரிக்காமலே வைத்துவிடுகிறாளாம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை. இடம் கிடைத்தது, முழு உதவித்தொகையும் கிடைத்தது.

போன வாரம் விமானம் ஏறினாள். ஷாமளா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ அப்பா எடத்துல நின்னு செஞ்சீங்க மாஸ்டர்" என்று அழுதார். நான் அவரைப் பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். அந்தக் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. என் அப்பா சாலை விபத்தில் இறந்தார் என்று எழுதியிருக்கிறாள். அன்றே பார்த்தேன். பாவம், தனக்குத் தெரிந்ததைத்தானே எழுதியிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

தங்கராஜுவை நான்தான் கொன்றேன். இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்றை மறக்காமல் கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள். லோஷினி பொய் எழுதி இடம் வாங்கினாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாது.