கதவையும் காட்டணும்

— கேமரா இல்லாம பரீட்சை எழுதவே முடியாதா மேடம்?

— முடியாதும்மா. பாடம் கேக்கறப்ப ஆஃப் பண்ணிக்கலாம். நெட் சரியில்லன்னு ஒரு வரி எழுதிப் போட்டா வாத்தியாருங்க விட்டுடுவாங்க. பரீட்சைன்னா கண்டிப்பா ஆன்ல இருக்கணும். முகம் தெரியணும், ரெண்டு காதும் தெரியணும்.

— காது எதுக்கு?

— காதுல எதையாவது மாட்டிக்கிட்டு வெளியிலேர்ந்து யாராவது பதில் சொல்லிக் குடுத்தா? அதுக்குத்தான். ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க. அது வேணாம், அந்த நாற்காலி ஆடும். இதுல உக்காருங்க.

— சீக்கிரம் கிளம்பணும். ஃபாரத்தைக் குடுத்தீங்கன்னா...

— ஃபாரம் குடுக்கறதுக்கு முன்னாடி விதிமுறை மொத்தத்தையும் வாயால சொல்லி, புரிஞ்சுதுன்னு கையெழுத்து வாங்கணும்மா. பதினாலு பக்கம். முகத்தை அப்படி வச்சுக்காதீங்க, நான் கடகடன்னு சொல்லிடுவேன். பொண்ணைக் கூட்டிட்டு வரலையா?

— ஸ்கூல்ல இருக்கா. ஒரே பொண்ணு மேடம். காலேஜுக்கு அனுப்பி, பஸ்ஸு, ஃப்ரெண்டுன்னு... எனக்கு அதெல்லாம் ஒத்து வராது. வீட்டுக்குள்ளயே இருந்து படிக்கிற மாதிரின்னு சொன்னாங்க, அதான் உங்ககிட்ட வந்தேன்.

— சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. வாரத்துக்கு நாலு வகுப்பு. தொடர்ந்து ரெண்டு வாரம் உள்ள வரலன்னா பேரை எடுத்துடுவோம். வாரம் ஒரு தடவை பாடத்தைப் பத்தி பத்து வரி எழுதிப் போடணும். கூடப் படிக்கிறவங்க ரெண்டு பேருக்காவது பதில் எழுதணும்.

— கூடப் படிக்கிறவங்களுக்கா? எதுக்கு?

— பேசிப் பழகத்தான். வீட்லயே இருக்கற பிள்ளைங்க இல்லையா.

— அதை நான் பாக்கலாமா?

— நீங்க பாக்கக் கூடாது. பாஸ்வேர்டு பிள்ளைகிட்ட மட்டும்தான் இருக்கணும். இதோ, மூணாம் பக்கம்.

— எங்கிட்டயும் ஒண்ணு இருந்துட்டா?

— அதுக்கும் விதி இருக்கு, ஒன்பதாம் பக்கம். வரிசையா வரேனே.

— சரி சரி. பரீட்சைக்கு வாங்க.

— பரீட்சைக்கு முன்னாடி லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுத்திக் காட்டணும். நாலு சுவரு, கூரை, மேஜைக்கு அடியில, கதவு. ஒவ்வொண்ணையும் மூணு செகண்ட். அறையில வேற ஆள் இருக்கக் கூடாது. போன மாசம் ஒரு பையன் சுத்திக் காட்டறான், பீரோவுக்குப் பின்னால அவங்க தாத்தா துண்டோட நிக்கறார். குளிச்சிட்டு வந்தவரு, பாவம், போக வழியில்லாம மாட்டிக்கிட்டாரு.

— கதவையுமா காட்டணும்?

— கதவையும் காட்டணும்.

— உள்பக்கம் மட்டும்தானே?

— உள்பக்கம் மட்டும்தான்.

— கதவுக்கு வெளியில யாராவது நின்னா உங்க கேமராவுக்குத் தெரியுமா?

— சத்தம் வந்தா தெரியும். வேத்துக் குரல்னு சிவப்புக் கோடு போட்டு எங்களுக்கு அனுப்பிடும்.

— மூச்சு விடற சத்தம்?

— ...ரொம்ப நுணுக்கமா கேக்கறீங்கம்மா. மத்தவங்க எல்லாம் லீவு எப்பன்னுதான் கேப்பாங்க.

— தெரிஞ்சுக்கலாம்னுதான். எங்க தெருவுல ஒரு பொண்ணு இங்கதான் படிச்சா. பாதியில என்ன ஆச்சோ, ஆளையே காணோம். அந்த மாதிரி நம்ம பொண்ணுக்கும் ஆயிடக் கூடாதுல்ல.

— எந்தப் பொண்ணு?

— பேரு தெரியல மேடம். உயரமா இருப்பா. இடது கையால எழுதுவா. நெத்தி ஓரத்துல ஒரு வெட்டுத் தழும்பு.

— இடது கை... ம்... ஒரு பொண்ணு ஞாபகம் வருது.

— இப்ப எங்க இருக்கா?

— பொறுங்க, சொல்றேன். பேரு, ஊரு சொல்ல மாட்டேன், அது விதி. அவளுக்கு நடந்ததைச் சொல்றேன். அதைச் சொன்னா பாதி விதிமுறை உங்களுக்கு தானா புரிஞ்சிடும்.

— சொல்லுங்க. நான் அவசரப்படல.

— அப்ப எனக்குப் பரீட்சை வீடியோ எல்லாத்தையும் உக்காந்து பாக்கற வேலை. ஒரு நாளைக்கு நாப்பது அறை பாப்பேன். அந்தப் பொண்ணோட முதல் பரீட்சை, எல்லாம் சாதாரணமா இருந்துச்சு. கட்டில், கண்ணாடி, சுவர்க் கடிகாரம், பூப்போட்ட திரை போட்ட ஜன்னல். ரெண்டாவது பரீட்சையில கண்ணாடி இல்ல. ஆணி மட்டும் இருந்துச்சு.

— கண்ணாடி இருந்தா படிப்புல மனசு நிக்காது மேடம்.

— இருக்கலாம். மூணாவது பரீட்சையில கட்டிலும் இல்ல, கடிகாரமும் இல்ல. தரையில ஒரு பாய்.

— கட்டில் இருந்தா தூக்கம்தான் வரும்.

— நாலாவது பரீட்சையில ஜன்னல் இல்லம்மா.

— ஜன்னல் எங்க போகும்...

— திரை இருந்துச்சு. பகல் பதினோரு மணி, பின்னால பொட்டு வெளிச்சம் இல்ல. வெளியிலேர்ந்து பலகை வச்சு அடிச்சிருக்காங்க. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. அதே பொண்ணு, அதே சுவரு, பரீட்சைக்குப் பரீட்சை அறை மட்டும் கரைஞ்சுக்கிட்டே வருது. அவ முகத்துல ஒண்ணும் இல்ல. அழல, பயப்படல. காதைக் காட்டுன்னா காட்டுவா, கையைக் காட்டுன்னா காட்டுவா.

— நல்லா வளத்திருக்காங்க.

— ...ஆமா. அந்த வீடியோவுல சிவப்புக் கோடு விழுந்திருந்துச்சு. வேத்துக் குரல். ஆனா அவ தனியாத்தான் இருக்கா. சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை மெதுவா, தாலாட்டு பாடற மாதிரி சொல்லிக்கிட்டே இருக்காங்க. "எழுது... தலையைத் தூக்காத... எழுது... ஜன்னலைப் பாக்காத..." ரெண்டரை மணி நேரம். ஒரு வார்த்தை கோபமா வரல.

— கூட நின்னு தைரியம் சொல்லியிருப்பாங்க.

— நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன். அப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. கதவு சாத்தியிருக்கு. அவ தலையைத் தூக்கறது வெளியில நிக்கறவங்களுக்கு எப்படித் தெரியுது? பழைய வீடியோ நாலையும் எடுத்து, அவ கதவைக் காட்டற இடத்துல நிறுத்திப் பாத்தேன். கைப்பிடி இல்லம்மா. உள்பக்கம் கைப்பிடியைக் கழட்டியாச்சு. அது இருந்த இடத்துல ரெண்டு ஓட்டை. மேல் ஓட்டையில வெளிச்சம் வருது. கீழ் ஓட்டையில வரல.

— தூசி அடைச்சிருக்கும்.

— சிமிட்டிச்சும்மா.

— ...தண்ணி இருக்கா மேடம்?

— இந்தாங்க. இன்னொரு விஷயம். மூணு செகண்ட் காட்டினா போதும்னேன்ல? சுவரெல்லாம் மூணு செகண்ட்தான் காட்டினா. கதவை மட்டும் முதல் தடவை அஞ்சு, அடுத்த தடவை பத்து, நாலாவது தடவை நாப்பது செகண்ட். ஒரு வார்த்தை பேசாம, கை நடுங்காம, அந்த ஓட்டைக்கு நேரா பிடிச்சுக்கிட்டே நின்னிருக்கா. யாராவது ஒருத்தர் உக்காந்து பாப்பாங்கன்னு நம்பியிருக்கா.

— நீங்க பாத்துட்டீங்க.

— பாத்தேன். ஆனா என் படிவத்துல அதுக்குக் கட்டமே இல்ல. காப்பி அடிச்சாளா, இல்ல. ஆள் இருந்தாங்களா, இல்ல. ஃபோன் வச்சிருந்தாளா, இல்ல. எல்லாத்துலயும் "இல்ல"ன்னு போட்டுட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மேலதிகாரிகிட்ட போய் நின்னேன். அவரு மாணவர் நலப் பிரிவுலேர்ந்து ரெண்டு பேரை அந்த வீட்டுக்கு அனுப்பி வச்சாரு.

— போனாங்களா?

— போனாங்க. அந்தப் பொண்ணோட அம்மா வாசலுக்கே வந்து சிரிச்சிக்கிட்டு கூட்டிட்டுப் போனாங்களாம். எல்லா அறையையும் தொறந்து காட்டியிருக்காங்க. கட்டில் இருக்கு, கண்ணாடி இருக்கு, கதவுல பளபளன்னு புதுக் கைப்பிடி. அந்தப் பொண்ணு அம்மா பக்கத்துல ஒட்டி உக்காந்து, எனக்கு ஒரு குறையும் இல்லன்னு சொன்னாளாம். வந்தவங்க தலையை ஆட்டிட்டுத் திரும்பிட்டாங்க. அந்த அம்மா கூட இருக்கற வரைக்கும் அந்த வீட்ல யாரும் வாயைத் தொறக்க மாட்டாங்கன்னு அன்னிக்குப் புரிஞ்சுது.

— அப்புறம் எப்படி வெளிய வந்தா?

— வெளிய வந்தான்னு நான் இன்னும் சொல்லலையே.

— ...காணோம்னு தெருவுல பேசிக்கிட்டாங்களே, அதை வச்சு கேட்டேன்.

— ம். பதினோராம் பக்கத்துல ஒரு விதி இருக்கு. சந்தேகம் வந்தா எந்த மாணவரையும் நேர்ல கூப்பிட்டு வாய்மொழித் தேர்வு வைக்கலாம். வரலன்னா பட்டம் கிடையாது. அந்த அம்மாவுக்குப் பட்டம் வேணும், நாலு பேர்கிட்ட சொல்லிக்க. கூட்டிட்டு வந்தாங்க. தேர்வு அறைக்குள்ள மாணவர் மட்டும்தான் போகலாம். அம்மா வராந்தாவுல உக்காந்துட்டாங்க, வாசல்லேர்ந்து கண்ணை எடுக்காம. அந்த அறைக்குப் பின்னால இன்னொரு வாசல் இருந்தது அவங்களுக்குத் தெரியாது.

— அவளே போறேன்னு சொன்னாளா? நீங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனீங்களா?

— யாரும் இழுக்கல. பதினெட்டு முடிஞ்ச பொண்ணு. வீட்டுக்குப் போறியா, இந்த வழியா வரியான்னு தேர்வு வைக்க உக்காந்தவங்க கேட்டாங்களாம். பதில் சொல்லாம பின் வாசல் கிட்டப் போய் நின்னாளாம். தொறந்தே கிடந்த கதவு. அதோட கைப்பிடியைப் பிடிச்சு மூடி, தொறந்து, மூடி, தொறந்து பாத்துட்டு அப்புறம்தான் வெளிய கால் வச்சாளாம். அம்மா பாவம், ஆறு மணி வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாங்களாம்.

— ஏழரை. ஏழரை வரைக்கும் உக்காந்திருந்தேன் மேடம். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைச்சான். உள்ள யாரும் இல்லைம்மான்னான். அவ என்னை விட்டுட்டுப் போகமாட்டா, எழுதி முடிக்கல போலன்னு சொன்னேன்.

— தெரியும்மா.

— என்ன தெரியும்?

— நீங்க யாருன்னு. காலையில ஃபோன்ல, அட்மிஷன் விஷயமா பேசணும்னீங்க பாருங்க, அப்பவே. அந்தக் குரலை நான் ரெண்டரை மணி நேரம் கேட்டவ. தூக்கத்துல கேட்டாக் கூடத் தெரியும்.

— அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ஃபாரமும் வேணாம் ஒண்ணும் வேணாம். அவ எங்க இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். இத்தனை வயசுல ஒரு நாள் அவளைத் திட்டினதில்ல. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன். அவளுக்குத் தெரியவே தெரியாது.

— அதுதான் பயமே.

— சொல்ல மாட்டீங்க. தெரிஞ்சே வச்சுக்கிட்டு, ஒரு மணி நேரமா எதுக்கு எங்கிட்ட கதை சொன்னீங்க?

— நீங்க கேக்கணும்னுதான். தன்னைப் பத்தி பேச்செடுத்தா நீங்க எழுந்திரிக்க மாட்டீங்கன்னு உங்க பெரிய பொண்ணேதான் சொன்னா.

— அவ சொன்னாளா... எப்போ?

— இன்னிக்குக் காலையில.

— நான் கிளம்பறேன். வீட்ல சின்னவ தனியா இருக்கா.

— ஒரே பொண்ணுன்னீங்க. ஸ்கூல்ல இருக்கான்னீங்க. ஸ்கூல்ல கேட்டோம்மா. பத்து மாசமா வரலையாம். உங்க முன்னால எத்தனை பேர் வந்து நின்னாலும் அந்தக் குழந்தை வாயைத் தொறக்காது. அதான் நேர்ல வந்தாத்தான் ஃபாரம்னு ஃபோன்ல பொய் சொன்னேன்.

— கையை விடுங்க. அவ பயந்துக்குவா. நான் கதவு கிட்ட இல்லன்னா அவ பயந்துக்குவா.

— நான் உங்களைப் பிடிக்கவே இல்லம்மா, நீங்கதான் மேஜை விளிம்பைப் பிடிச்சிருக்கீங்க. மெதுவாவே போங்க. வீட்ல யாரும் இல்ல. சின்னவ ஜீப்புல ஏறிட்டாளாம், இப்பத்தான் சேதி வந்துச்சு. பெரியவ எங்க, எங்கன்னு கேட்டீங்களே... நீங்க இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருந்த நேரமெல்லாம் அவ ரெண்டு போலீஸ்காரம்மாவோட உங்க வீட்லதான் இருந்தா.